சிவந்த பறவைக்குப் பொன் என்று பெயர்

முதல் நாள்: லண்டன்

ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு தூரம் போகிறாய் என்று மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வந்த தங்கை கேட்டபோது, அலுவலக வேலையும் இருக்கிறது என்று சமாளித்தேன். அலுவலக வேலை நேற்றோடு முடிந்துவிட்டது. மீதமிருக்கும் ஏழு நாள்களையும் அந்தச் சொல்லுக்குத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சிறுவர்களுக்கான பறவை நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் 'கோல்டன் ஃபெசன்ட்' என்ற பெயர் வரும் பக்கத்தில் நான்கு மாதங்களாக வேலை நிற்கிறது. 'தங்கக்கோழி' என்று எழுதினால் பிரியாணிக் கடையின் பெயர்ப்பலகையைப் போல இருக்கிறது. 'பொன்னிறக் கோழி' என்றால் எண்ணெயில் பொரித்தெடுத்தது போலத் தோன்றுகிறது. ஒலிபெயர்த்து 'பெசன்ட்' என்று விட்டுவிடலாம் என்றால், சென்னைக்காரர் எவருக்கும் அது கடற்கரையும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் உள்ள ஒரு நகர்.

இந்தப் பெயரின் மேல் எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது பொன் அல்ல, சிவப்பு. தொண்டைக்குக் கீழே தொடங்கி வயிறு முழுவதும் குங்குமத்தைக் குழைத்துப் பூசியது போன்ற சிவப்பு. பொன் என்று சொல்லத்தக்கது தலையில் பின்னோக்கிப் படிந்து கிடக்கும் பட்டு நூல் போன்ற கொண்டையும், இறக்கைகள் மூடியிருக்கும்போது நடுவில் தெரியும் கீழ்முதுகும்தான். இவற்றுக்கு இடையே பச்சை, நீலம், ஆரஞ்சு, பழுப்பு என்று வேறு வண்ணங்களும் வந்துவிடுகின்றன. சேவலின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு வால். பெட்டையோ காய்ந்த சருகின் நிறத்தில் பட்டை பட்டையாக இருக்கும், அதற்கும் பெயர் 'கோல்டன்' தான்.

இப்பறவையின் சொந்த ஊர் நடுச் சீனத்து மலைக்காடுகள், குறிப்பாக மஞ்சள் ஆற்றின் படுகையையும் யாங்சி ஆற்றின் படுகையையும் பிரித்து நிற்கும் சின்லிங் மலைத்தொடர். அங்கே போக எனக்கு வசதி வாய்க்கவில்லை. ஆனால் பெயர் ஆங்கிலத்தில் வைக்கப்பட்டது, ஆங்கிலத்தில் புழங்குகிறது. ஆகவே பெயரைத் தேடி வருவதற்கு இங்கிலாந்தும் பொருத்தமான இடமே என்று சமாதானம் செய்துகொண்டு, காலையில் சவுத் கென்சிங்டனில் இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

நான் பார்க்க விரும்பியது மிங், சிங் அரசுகளின் காலத்தில் சீன அதிகாரிகள் மேலங்கியின் மார்பிலும் முதுகிலும் தைத்துக்கொண்ட சதுரத் துணிகளை. சிங் அரசில் குடிமைப் பணி அதிகாரிகளுக்கு ஒன்பது படிநிலைகள் இருந்தன. ஒவ்வொரு படிக்கும் ஒரு பறவை. முதற்படிக்குக் கொக்கு, இரண்டாம் படிக்கு நமது பறவை, மூன்றாம் படிக்குத்தான் மயில். மயிலைவிட இதை மேலே வைத்தார்கள் என்பதைப் படித்தபோது முருகன் கோயில் வாசலில் வளர்ந்த எனக்குச் சற்றுச் சுருக்கென்றுதான் இருந்தது. தையல் வேலையில் எல்லாப் பறவைகளும் ஏறக்குறைய ஒன்று போலவே பாறையின் மேல் ஒற்றைக்காலில் நின்று சூரியனை நோக்குகின்றன; வாலைப் பார்த்துத்தான் இனம் காண வேண்டும். கோடுகள் குறுக்கே ஓடும் நீண்ட இரண்டு இறகுகள் இருந்தால் அது நமது பறவை, நெளிநெளியாக ஐந்து இருந்தால் வெள்ளி ஃபெசன்ட், அது ஐந்தாம் படி.

நான் பார்த்த துண்டில் பறவையின் உடல் சிவப்புப் பட்டு நூலில் இருந்தது. கழுத்தையும் முதுகையும் சுற்றித் தங்கச் சரிகையை வளைத்து, மெல்லிய நூலால் மேலிருந்து குத்திக் குத்தி இருத்தியிருந்தார்கள். சில இடங்களில் அந்த மேல்நூல் அற்று, சரிகை தளர்ந்து எழும்பி நின்றது. சீன மொழியில் இந்தப் பறவைக்கு 'ஹோங்ஃபூ ஜின்ஜி' என்று பெயர். செவ்வயிற்று ஜரிப்பட்டுக் கோழி என்று பொருள் கொள்ளலாம். அதில் 'ஜின்' என்ற எழுத்தைப் பிரித்தால் ஒரு பக்கம் பொன்னைக் குறிக்கும் உருவும் மறுபக்கம் பட்டைக் குறிக்கும் உருவும் கிடைக்கின்றன. பொன்னுருவு அங்கே ஒலிக்காக நிற்கிறது என்பார்கள் மொழியறிஞர்கள். இருக்கட்டும். வயிற்றின் சிவப்பையும் சொல்லி, மேலே கிடக்கும் நெசவையும் சொன்ன பெயர் அது.

இரண்டாம் நாள்: ட்ரிங்

யூஸ்டன் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ட்ரிங் வந்துவிட்டது. ஆனால் ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே நல்ல தூரம். மழைத் தூறலில் நடந்து போனேன். வால்டர் ராத்சைல்டு என்ற பெருஞ்செல்வர் தனக்காகச் சேர்த்த விலங்குகளையும் பறவைகளையும் 1892இல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்த அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. 1937இல் அவர் இறந்த பிறகு அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளையாகிவிட்டது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரிகள், வெளிச்சம் குறைவு. இறகின் நிறம் வெளுக்காமல் இருக்க அப்படி வைக்கிறார்கள்.

நிறம் வெளுப்பது என்பது இந்தப் பறவையின் பாடத்தில் முக்கியமான ஒரு வரி. நாள் முழுவதும் வெயில் படும் கூண்டில் வைத்தால் சேவலின் வண்ணம் மங்கிவிடும் என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். காட்டில் அது அடர்ந்த புதருக்குள், இருண்ட மரநிழலில்தான் திரிகிறது. தரையில் மேய்ந்துவிட்டு இரவில் மரத்தில் அடைகிறது. இவ்வளவு வண்ணம் இருந்தும் காட்டில் அதைக் கண்ணால் பார்ப்பது அரிது என்பதற்கும் அந்த இருட்டுதான் காரணம்.

கண்ணாடிக்குப் பின்னால் நின்ற சேவலின் அருகே எழுதியிருந்த லத்தீன் பெயர் 'கிரிசோலோபஸ் பிக்டஸ்'. இரண்டு சொல்லும் இரண்டு மனிதர்களின் கண். 1758இல் லின்னேயஸ் இதற்கு 'பிக்டஸ்', அதாவது வண்ணம் தீட்டப்பட்டது, என்று பெயர் வைத்தார். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில நூல்களிலும் 'பெயின்டட் ஃபெசன்ட்' என்ற பெயர் உண்டு. பிறகு 1834இல் ஜான் எட்வர்டு கிரே என்ற ஆங்கிலேயர் இதைத் தனிப் பேரினமாக்கி, பொற்கொண்டை என்ற பொருளில் கிரேக்கச் சொல்லைச் சூட்டினார். முதலாமவர் முழு உடலையும் பார்த்தார். இரண்டாமவர் தலையை மட்டும் பார்த்தார். பொதுமக்களின் ஆங்கிலத்தில் வென்றது தலைதான்.

'ஃபெசன்ட்' என்ற சொல்லுக்கும் ஒரு ஊர் உண்டு. கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியா நாட்டில், ரியோனி என்ற ஆறு ஓடுகிறது. பண்டைய கிரேக்கர்கள் அதைப் பாசிஸ் என்றார்கள். அதன் கரையிலிருந்து வந்த பறவை 'பாசிஸ் பறவை'. அதுதான் லத்தீன் வழியாக, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, வந்த இடத்தில் கடைசியில் ஒரு 'ட்'டையும் ஒட்டிக்கொண்டது. கிரேக்கக் கதையில் வரும் பொன் ஆட்டுத்தோலும் இதே ஆற்றங்கரையில்தான் தொங்கியது. ஆக, சீனத்து மலையில் பிறந்த பறவைக்கு ஜார்ஜியா ஆற்றின் பெயர். நான் வைத்திருக்கும் ஆங்கில நூலோ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், விளையாட்டுப் பிள்ளைகளுக்கு 'பொன்னிறமான அழகிய பறவை' என்று முடித்துவிடுகிறது.

அருகிலேயே அதன் ஒன்றுவிட்ட தங்கையும் நின்றது: வெள்ளைக் கழுத்தணியும் மிக நீண்ட வாலும் கொண்ட 'லேடி ஆம்ஹெர்ஸ்ட் ஃபெசன்ட்'. இதன் பெயர் வழக்கம் போல நம் பக்கத்து நாற்காலி ஒன்றிலிருந்து வந்தது. 1823 முதல் 1828 வரை கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆம்ஹெர்ஸ்டின் மனைவி சாரா, தமக்குக் கிடைத்த இரண்டு சேவல்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவை வந்து சில வாரங்களே உயிரோடு இருந்தன. 1829இல் லெட்பீட்டர் என்பவர் அந்த அம்மையாரின் பெயரையே பறவைக்கு வைத்துவிட்டார். சீனர்கள் இதை 'வெள்வயிற்று' என்று ஒரே ஒரு எழுத்தை மாற்றி, உறவு விளங்கும்படி அழைக்கிறார்கள். ஆங்கிலப் பெயர்களிலிருந்து இரண்டும் உறவு என்று எந்தக் குழந்தையாலும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம் நாள்: கிங்ஸ் லின்

கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் நார்ஃபோக் பகுதியின் இந்தப் பழைய துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தேன். தங்குவது என் கல்லூரித் தோழனின் அண்ணன் வீட்டில். அவர் இங்கே குடும்ப மருத்துவர். அண்ணி வைத்த மிளகுக் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டே பயணத்தின் நோக்கத்தைச் சொன்னேன். நூலில் பறவையின் பெயரை 'ஜி.பி.' என்று சுருக்கியிருப்பதைக் காட்டியதும் அண்ணன் சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல ஜி.பி.ன்னா நான்தான்டா தம்பி," என்றார். குடும்ப மருத்துவரை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

மாலையில் அவர் காரில் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே 'கோல்டன் ஃபெசன்ட்' என்ற பெயரில் ஒரு பப் இருக்கிறது. இங்கிலாந்தில் இந்தப் பெயரில் பல ஊர்களில் பப்கள் உண்டு. தொங்கும் பலகையில் வரைந்திருந்த பறவையைப் பார்த்ததும் எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அது கோல்டன் ஃபெசன்டே அல்ல. கழுத்தில் வெள்ளை வளையமும் பச்சைத் தலையும் கொண்ட சாதாரண வேட்டை ஃபெசன்ட். ஓவியர் அதற்கு மேலே கொஞ்சம் மஞ்சள் வண்ணத்தைக் கூட்டியிருக்கிறார், அவ்வளவுதான். வேட்டைக்காக ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வளர்த்து விடப்படும் அந்தப் பறவையை இங்குள்ளவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் 'பொன்' என்று போட்டால், அதே பறவையின் உயர்ந்த வகை என்றுதான் காதுக்குப் படுகிறது. சொல்லப்போனால் பப்காரர் தேடியதும் அந்த உயர்வைத்தான். சீனத்துக் காட்டை அல்ல.

ஆங்கிலத்துக்கு இந்த 'கோல்டன்' ஒரு தாராளமான சொல். நரியின் ஒரு வகையை 'பொன் நரி' என்கிறார்கள், பழுப்புக் கழுகை 'பொன் கழுகு' என்கிறார்கள். உண்மையிலேயே பொன்மஞ்சளாக இருக்கும் 'கோல்டன் ஓரியோல்' பறவையை நாம் மாங்குயில் என்று மரத்தை வைத்து அழைத்துவிட்டோம். பொன்னைத் தொடவே இல்லை. நமக்குப் பொன் வேண்டுமானால் வண்டுக்கும் கீரைக்கும் கொடுப்போம்.

ஊர் திரும்பும் வழியில் கிழக்கு ஐரோப்பியப் பொருள்கள் விற்கும் மளிகைக் கடையில் அண்ணன் ஒரு பீர் புட்டியை எடுத்துக் காட்டினார். சுலோவாக்கியாவின் ஹுர்பனோவோ ஊரில் காய்ச்சப்படும் 'ஸ்லாட்டி பஜான்ட்'. பொருள் அதேதான், பொன் ஃபெசன்ட். ஏற்றுமதியாகும் புட்டிகளில் ஆங்கிலப் பெயரும் போட்டிருக்கிறார்கள். 'பஜான்ட்' என்பதும் அந்தப் பாசிஸ் ஆற்றின் பிள்ளைதான்.

இன்னொரு பயன்பாடு இவ்வளவு இனிமையானது அல்ல. இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ஆங்கில வரலாற்று நூல்களில் 'கோல்டன் ஃபெசன்ட்' என்று வந்தால் அது நாஜிக் கட்சியின் உயர் பதவிக்காரர்களைக் குறிக்கும். பழுப்புச் சீருடை, சிவப்புக் கைப்பட்டை, அவற்றின் மேல் பொன்னிறச் சின்னங்கள். போர்முனைக்குப் போகாமல் பின்னால் மினுக்கிக்கொண்டு திரிந்தவர்களை ஜெர்மானியச் சாமானியர்கள் 'கோல்ட்ஃபசான்' என்று முதுகுக்குப் பின்னால் அழைத்தார்கள். அது அப்படியே மொழிபெயர்ந்து ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. கேலி செய்தவர்கள் பறவையைச் சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியவில்லை. பழுப்பு, சிவப்பு, பொன் மூன்றும் அந்தக் கேலியில் இருக்கின்றன.

படுக்கப் போகும் முன் ஒன்று நினைவுக்கு வந்தது. நம் வேலியோரச் செம்போத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'குரோ ஃபெசன்ட்', காக்கை ஃபெசன்ட். குயில் குடும்பத்துப் பறவை அது. இந்தியாவுக்குப் புதிதாக வந்திறங்கிய சிப்பாய்களும் அதிகாரிகளும், நீண்ட வாலைப் பார்த்து ஃபெசன்ட் என்று நினைத்துச் சுட்டுச் சமைத்து, வாயில் வைக்க முடியாமல் துப்பினார்களாம். புதியவர்களை அக்காலத்தில் 'கிரிஃப்' என்பார்கள். ஆகவே செம்போத்துக்கு 'கிரிஃப்ஸ் ஃபெசன்ட்' என்றும் ஒரு கேலிப் பெயர் உண்டு. பெயர் தவறினால் நாக்குக்குத்தான் முதல் தண்டனை.

நான்காம் நாள்: உல்ஃபர்டன்

விடியற்காலை நான்கரை மணிக்கு அண்ணன் காரை எடுத்தார். சான்ட்ரிங்ஹாம் அரச குடும்பப் பண்ணைக்குச் சொந்தமான நிலத்தில், உல்ஃபர்டன் கிராமத்தைச் சுற்றி ஒரு காடு. அதைச் சாலைகள் மூன்று பக்கமும் வளைத்திருப்பதால் பறவை பார்ப்பவர்கள் 'உல்ஃபர்டன் முக்கோணம்' என்பார்கள். இங்கிலாந்தில் கூண்டுக்கு வெளியே கோல்டன் ஃபெசன்டைப் பார்க்க விரும்பியவர்கள் பல்லாண்டுக் காலம் வந்து நின்ற இடம் இதுதான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருநிலக்காரர்கள் அழகுக்காகத் தங்கள் காடுகளில் இவற்றை விட்டார்கள். நார்ஃபோக்கின் மணற்பாங்கான பைன் காடுகளிலும், ஸ்காட்லாந்தின் காலோவே பகுதியிலும், இன்னும் சில இடங்களிலும் அவை தாமாகவே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பெருகின. அதனால் பிரிட்டனின் அதிகாரபூர்வப் பறவைப் பட்டியலிலும் இடம்பிடித்தன. 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் ஊர்ப்புறச் சட்டம் வந்தபோது, இவற்றை இனிமேல் காட்டில் விடக்கூடாது என்று ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தார்கள். சட்டத்தில் பெயர் தலைகீழாக, 'ஃபெசன்ட், கோல்டன்' என்று இருக்கிறது. முதலில் குடும்பப் பெயர், பிறகு அடையாளம். காவல் நிலையப் பதிவேட்டைப் போல.

சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தோம். ரோடோடென்ட்ரான் புதர்கள் ஆளுயரத்துக்கு மேல் சுவர் போல நின்றன. அவற்றின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் இடைவெளி, அதற்குள் கும்மிருட்டு. பறவை வருமென்றால் அந்த இடைவெளியிலிருந்துதான் வரும், சாலையோரப் புல்லில் சில நிமிடம் மேயும், சின்ன ஓசை கேட்டாலும் உள்ளே ஓடிவிடும். பறக்காது, ஓடும். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, மூச்சுவிடுவதையும் அடக்கிக்கொண்டு, அந்த ஒரு முழ இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கரும்பறவை பாடியது. முயல் ஒன்று வந்து உட்கார்ந்து முகம் கழுவிற்று. ஆறு மணி வாக்கில் புதருக்குள் சருகு சலசலத்தது. செம்பழுப்பாக ஏதோ நகர்ந்தது. என் கை நடுங்கியதில் தொலைநோக்கி கண்ணாடியில் மோதி ஒலி எழுப்ப, வெளியே வந்தது வேட்டை ஃபெசன்ட் பெட்டை. எங்களை ஏளனமாகப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தது.

ஏழரை மணிக்கு நாயோடு நடந்து வந்த முதியவர் ஒருவர் எங்கள் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு நின்றார். நாற்பது ஆண்டுகளாகப் பறவை பார்ப்பவர். பத்து ஆண்டு தாமதமாக வந்துவிட்டீர்கள் என்று மெதுவாகச் சொன்னார். 1990களில் ஒரே காலையில் மூன்று சேவல்களைப் பார்த்திருக்கிறாராம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, கடைசியில் ஒரே ஒரு கிழட்டுச் சேவல் மட்டும் அந்த மூலையில் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் கார்கள் வரிசை கட்டும். இங்கிருந்தவை தொண்டை கறுத்தவை என்றும் சொன்னார். சீனத்துக் காட்டுச் சேவலின் தொண்டை வெளிறிய செம்பழுப்பு. கூண்டில் வளர்த்த வழியில் தோன்றிய கருந்தொண்டை வகையின் அடையாளம் இங்கே பலவற்றில் இருந்தது. குறைந்ததற்குக் காரணம் கேட்டேன். நரி, புதர் வெட்டியது, புதிய இரத்தம் சேராதது என்று மூன்றைச் சொல்லிவிட்டு, எது முதல் என்று தமக்கு உறுதியில்லை என்றார்.

பழைய உல்ஃபர்டன் ரயில் நிலையத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். அரச குடும்பம் வந்திறங்கிய நிலையம். 1969இல் தடம் மூடப்பட்ட பிறகும் கட்டடத்தைச் சீராக வைத்திருக்கிறார்கள். ஓடாத ரயிலுக்கு நிலையம் இருக்கிறது, காட்டுக்குள் இல்லாத பறவைக்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது என்று அண்ணன் சொன்னார். மருத்துவருக்கு இந்த மாதிரிப் பேச்சு எங்கிருந்து வருகிறதோ.

ஐந்தாம் நாள்: ஃபென் சமவெளி

நேற்றைய முதியவர் தந்த முகவரியில், ஃபென் சமவெளியின் நடுவே, அழகுக் கோழி வளர்க்கும் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரின் கொல்லை. பத்துப் பன்னிரண்டு கம்பிக் கூண்டுகள், மேலே பச்சை நிழல் வலை. உள்ளே போனதுமே அவர் கேட்ட கேள்வியில் என் நான்கு மாதத் தவிப்புக்கு ஒரு நியாயம் கிடைத்தது: "ரெட் கோல்டன் பார்க்க வந்தீர்களா, யெல்லோ கோல்டனா?"

சிவப்புப் பொன், மஞ்சள் பொன். இத்தாலியின் போலோஞ்ஞா நகரத்துப் பேராசிரியர் அலெசாந்த்ரோ கீஜியின் பெயரால் வழங்கும் மஞ்சள் வகை ஒன்று வளர்ப்பவர்களிடையே பரவியிருக்கிறது. அதில் சிவப்பு முழுவதும் மஞ்சளாகிவிட்டது. அது வந்த பிறகு, மூலப் பறவையை வேறுபடுத்திச் சொல்ல அதன் முன்னால் 'ரெட்' சேர்க்க வேண்டியதாயிற்று. ஆங்கிலம் தொடக்கத்தில் சொல்லாமல் விட்ட சிவப்பைக் கோழிக்காரர்கள் இப்படிச் சுற்றி வந்து சேர்த்திருக்கிறார்கள்.

பறவை வாங்க வருபவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் காலைப் பார் என்பது. கோல்டனின் கால் மஞ்சள், லேடி ஆம்ஹெர்ஸ்டின் கால் நீலச்சாம்பல். இரண்டும் எளிதில் கலந்துவிடும், கலந்ததன் குஞ்சுகளும் மலடாவதில்லை. சேவலுக்கு முழு வண்ணம் வர இரண்டாம் ஆண்டு ஆகும். அதுவரை அதுவும் சருகு நிறம்தான். பெட்டை எட்டு முதல் பன்னிரண்டு முட்டை இடும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று நாளில் குஞ்சு.

ஏப்ரல் மாதமாதலால் சேவல்கள் ஆடும் பருவம். மூன்றாவது கூண்டின் முன் கவிழ்த்த வாளியின் மேல் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் தண்ணீர் மாற்றப் போய்விட்டார். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டை தீவனத் தட்டை விட்டு நகர்ந்ததும் சேவல் குறுக்கே ஓடி வந்து வழியை மறித்தது. கழுத்தில் மடங்கிக் கிடந்த ஆரஞ்சுப் போர்வை திடீரென்று விரிந்து பெட்டை நின்ற பக்கமாக மட்டும் முகத்தை மூடிக்கொண்டது. விசிறியைப் பிடித்துக்கொண்டு அதன் விளிம்புக்கு மேல் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. ஒவ்வொரு இறகின் நுனியிலும் கருநீலக் கோடு. விரியும்போது கோடுகள் எல்லாம் சேர்ந்து, கண்ணைச் சுற்றி வளைய வளையமாக நின்றன. நடுவில் அந்த வெளிர்மஞ்சள் கண். நீர் கொதிக்கும் பாத்திரத்தின் மூடியிலிருந்து ஆவி கிளம்புவது போன்ற ஒரு சீறல். பெட்டை மறுபக்கம் திரும்பியது. சேவல் அரைவட்டமாக ஓடிப் போர்வையை மறுகன்னத்துக்கு மாற்றியது. ஒரே நொடி. பெட்டையோ தரையில் கிடந்த கோதுமை மணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் அம்மாவின் கூறைப் புடவை நினைவுக்கு வந்தது. அரக்குச் சிவப்பு உடல், ஒருசாண் சரிகைக் கரை. அதைப் பார்த்து எவரும் தங்கப் புடவை என்று சொன்னதில்லை. குறிப்பேட்டில் பென்சிலால் 'சரிகைக்கோழி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

ஆறாம் நாள்: ரயில்

கிங்ஸ் லின், ஈலி, பீட்டர்பரோ, எடின்பரோ, ஏவிமோர். நாள் முழுவதும் ரயில், இரண்டு இடத்தில் தாமதம், அண்ணி கட்டிக்கொடுத்த புளியோதரை. கிரான்டவுன் ஆன் ஸ்பே என்ற ஊரை அடையும்போது இருட்டிவிட்டது.

ஏழாம் நாள்: ஸ்பே ஆற்றங்கரை

இங்கிலீஷ் பேசும் உலகில் கோல்டன் ஃபெசன்டின் பெயர் அன்றாடம் அதிகம் புழங்கும் இடம் காடோ கூண்டோ அல்ல, சால்மன் மீன் பிடிப்பவர்களின் தூண்டில் மேசை. கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் சால்மன் பொதுவாக இரை தின்பதில்லை. ஆனாலும் கண்முன் பளிச்சென்று ஏதாவது போனால் சில நேரம் வாயால் பற்றும். அதற்காக முள்ளின் மேல் இறகும் பட்டு நூலும் சரிகையும் கட்டி ஒரு பொய்ப்பூச்சியைச் செய்கிறார்கள். 'ஃபிளை' என்று பெயர். ஸ்பே ஆற்றங்கரையில் அறுபது ஆண்டுகளாக அதைக் கட்டிவரும் ஒருவர், காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

ஜன்னலோர மேசையில் சிறு பிடிகருவி, பூதக்கண்ணாடி, மெழுகு தடவிய நூல்கண்டு. சுவர் நிறைய இழுப்பறைகள். இழுப்பறைகளின் மேல் 'ஜி.பி.' என்று ஐந்தாறு இடத்தில் ஒட்டியிருந்தது. இந்தத் தொழிலில் பறவையின் முழுப் பெயரை எவரும் சொல்வதில்லை. 'ஜி.பி. டாப்பிங்' என்றால் கொண்டையின் பொன்னிழை. 'ஜி.பி. டிப்பெட்' என்றால் நான் நேற்றுமுன்தினம் விரியக் கண்ட ஆரஞ்சுப் போர்வையின் இறகு. பெண்களும் பாதிரிமார்களும் தோளில் போட்டுக்கொள்ளும் சிறு மேலாடைக்கு இருந்த பழைய ஆங்கிலப் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். மார்பின் சிவப்பு இறகுக்குத் தனி இழுப்பறை, வாலுக்குத் தனி. பறவையின் உடலை இவ்வளவு பிரித்துப் பெயர் சொன்னவர்களை நான் இந்தப் பயணத்தில் வேறெங்கும் பார்க்கவில்லை.

இறால் போலத் தோன்றும் செம்மஞ்சள் பூச்சி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எஸ்மண்ட் டுரூரி என்பவர் 1953இல் உருவாக்கியது. பெரும்பகுதி கோல்டன் ஃபெசன்ட் இறகு. பெயர் 'ஜெனரல் பிராக்டிஷனர்', அதாவது குடும்ப மருத்துவர். இரண்டுக்கும் சுருக்கம் ஜி.பி. என்பதால் வந்த விளையாட்டு. உடனே படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். நோயாளிகளுக்கு நடுவிலும் பதில் வந்தது: "முள்ளும் இருக்கா? அப்ப நான்தான்."

பிறகு அவர் காட்டியது 'ஜாக் ஸ்காட்' என்ற விக்டோரியா காலத்துப் பூச்சி. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டு உடல், பல பறவைகளின் இறகிழைகளைக் கோத்த இறக்கை, எல்லாவற்றுக்கும் மேலே வில் போல வளைந்த ஒரு பொன்னிழை. இருபுறமும் கன்னத்தில் ஒவ்வொரு சின்ன இறகு: கறுப்பில் மெழுகு சொட்டியது போன்ற வெண்மஞ்சள் புள்ளி. எனக்குத் தெரிந்த இறகு அது. ஆனைமலையில், டாப்ஸ்லிப் போகும் பாதையில், காலை நேரத்தில் சாலையைக் கடக்கும் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து. 'ஜங்கிள் காக்' என்று அவர் சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலையின் பறவை என்று நான் சொன்னபோது, இந்தியச் சட்டம் இப்போது அதைக் காக்கிறது என்பதும், தாம் வாங்குவது இங்கேயே வளர்த்த பறவைகளின் இறகு என்பதும் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது போல் வேகமாகச் சொன்னார். அந்தப் புள்ளிக் கழுத்தைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று 'ஒண்பொறி எருத்து' என்று சொல்வதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். எந்த நூற்றாண்டு என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

பேசிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து ஒரு டாப்பிங்கை எடுத்தார். காய்ந்த கொண்டையிழை ஒரு பக்கமாகக் கோணிக் கிடந்தது. அதை நீரில் நனைத்து, ஒரு கண்ணாடிக் குவளையின் உட்புற வளைவில் விரல் நுனியால் ஒட்டி, தமக்கு வேண்டிய வளைவு வரும்வரை மெல்ல நகர்த்தினார். காய்ந்த பிறகு அந்த வளைவிலேயே நிற்குமாம். ஈரமானபோது பொன்னிறம் போய் வெறும் மஞ்சள் நூலாகத் தெரிந்தது. விளிம்பில் காயக் காயத்தான் மினுக்கம் திரும்பியது.

இழுப்பறைகளுக்கு உங்கள் எழுத்தில் பெயர் எழுதித் தாருங்கள் என்று பழைய கடித உறை ஒன்றை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தார். 'கானக்கோழி' என்று யோசிக்காமல் எழுதினேன். இரண்டாவது துண்டின் மேல் பேனாவைச் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு 'சரிகைக்கோழி' என்று எழுதினேன், கேள்விக்குறி போடவில்லை. இரண்டையும் தூரத்தில் பிடித்துப் பார்த்து, இதில்தான் சுழி அதிகம் என்று இரண்டாவதைக் காட்டிச் சொன்னார். ஒட்டுநாடாவை நறுக்கி ஒட்டிவிட்டு, இறகு காய்ந்ததா என்று குவளையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னும் காயவில்லை.